தாணே கிரீக்கில் வலசைப் பறவைகள்: மும்பையில் முதல்முறை போகிறவர்களுக்கு

பங்குனி, சித்திரை வெயிலில் மும்பையில் பறவை பார்க்கக் கிளம்புவதா என்று பலரும் தயங்குவார்கள். தாணே கிரீக் என்ற கடற்கழியைப் பொறுத்தவரை இந்த இரண்டு மாதங்களைத் தவறவிடக் கூடாது. குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒன்றுபோலத் தெரிந்த கரைப்பறவைகள், வடக்கே இனப்பெருக்க இடங்களுக்குக் கிளம்புமுன் செங்கல் நிறமும் கறுப்புமாக மாறி நிற்பது இப்போதுதான். பூநாரைகளும் (ஃபிளமிங்கோ) மே கடைசிவரை இங்கேயே இருக்கும்.

ஆனாலும் போய்விட்டு வருகிறவர்களில் பாதிப் பேர், "தூரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது, அவ்வளவுதான்" என்று சலித்துக்கொள்கிறார்கள். இதற்கு ஒரே காரணம், திட்டமிடும் வரிசை தலைகீழாக இருப்பது. ஞாயிற்றுக்கிழமை என்று முதலில் முடிவு செய்கிறார்கள், பிறகு இடம், பிறகு ரயில். கடல் நீரின் நேரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இங்கே நீர் முதலில், வெயிலின் திசை இரண்டாவது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

இடத்தைப் பற்றித் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். மும்பையின் பெரும்பகுதி சால்செட் தீவின்மேல் இருக்கிறது. உல்லாஸ் ஆறு தாணே அருகே வந்து பிரிகிறது. பெரிய கிளை தீவின் வடக்கே வசாய் பக்கமாகக் கடலுக்குப் போகிறது, சிறிய கிளை தாணே கிரீக்கோடு சேர்ந்து தீவின் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே துறைமுகம்வரை வருகிறது. பெயருக்குத்தான் ஆற்றின் கிளை. உள்ளே ஏறி இறங்குவது பெரும்பாலும் கடல் நீர். அது வற்றும்போது வெளியே வரும் சேற்றில்தான் பறவைகளின் சாப்பாடு இருக்கிறது. இதன் ஒரு பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆகவே நீங்கள் போவது சட்டப் பாதுகாப்புள்ள இடம். அனுமதி, நுழைவு, படகு எல்லாவற்றிலும் அது உங்களைத் தொடும்.

1. எந்தப் பறவைக்கு எந்த மாதம்

பிப்ரவரி கடைசி முதல் மார்ச் நடுவரை வாத்துகள். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி மூன்றும் குளங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் காலம் இது. வாத்துதான் குறி என்றால் மார்ச்சைத் தாண்டவிடாதீர்கள். கடற்காகங்களும் ஏப்ரலில் வெகுவாகக் குறைந்துவிடும்.

மார்ச் கடைசி முதல் மே முதல் வாரம்வரை கரைப்பறவைகள். புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் மாதம் ஏப்ரல். பறவைகளும் இருக்கும், நிறமும் ஏறியிருக்கும், படகும் ஓடும். வளைமூக்கு உள்ளானின் வயிறு செங்கல் சிவப்பாகும், கருவால் மூக்கனின் கழுத்தும் மார்பும் துருப்பிடித்த ஆரஞ்சாகும், மணல் உப்புக்கொத்தியின் மார்பில் செம்பட்டையும் கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டையும் வரும். டிசம்பரில் இவற்றைப் பிரித்தறியப் புதியவர்கள் திணறுவார்கள். ஏப்ரலில் முதல்நாள் வந்தவரும் சொல்லிவிடலாம்.

பூநாரைக்கு மட்டும் அவசரம் வேண்டாம். பொதுவாக நவம்பர், டிசம்பரில் வர ஆரம்பித்து மே கடைசியில், மழைக்கு முன்னால், கட்ச் பகுதிக்கும் மற்ற இனப்பெருக்க இடங்களுக்கும் கிளம்பும். மே மாதத்தில்கூடக் கூட்டம் பெரிதாகவே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: மே கடைசியிலும் நிறமே மாறாமல் சாம்பலாகச் சில உள்ளான்கள் நிற்கும். அவற்றுக்கு நோயோ காயமோ என்று பதற வேண்டாம். முதல் வயதுப் பறவைகள் பல அந்த வருடம் வடக்கே போகாமல் இங்கேயே கோடையைக் கழிக்கும்.

2. நீரின் நேரத்தைக் கணக்கிடுங்கள்

மும்பைக் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு நாளும் ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். படகுக்காரர்களிடமும் கோலி மீனவர்களிடமும் பேசும்போது ஏற்றத்துக்கு "பர்த்தி", வற்றத்துக்கு "ஓஹோட்டி" என்று சொன்னால் சட்டென்று புரியும்.

இது ஏன் முக்கியம்? நீர் முழுக்க வற்றியிருக்கும்போது சேறு வெகுதூரம் விரிந்து கிடக்கும், பறவைகள் நீரின் விளிம்போடு அப்பால் போய்விடும். அந்த ரோஸ் கோடு கண்ணில் படும் நேரம் இதுதான். நீர் முழுக்க ஏறிவிட்டாலோ நிற்கச் சேறே இருக்காது. அலையாத்தி (மாங்குரோவ்) மரங்களுக்குப் பின்னால் உள்ள குளங்களுக்கும் உப்பளங்களுக்கும் பறந்துவிடும். உங்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம். ஏற்றம் முழுமையாவதற்கு முன்னால் இரண்டு மணி நேரமும், வற்றத் தொடங்கியபின் முதல் மூன்று மணி நேரமும். வற்றத் தொடங்கும்போது கரையை ஒட்டிய சேறுதான் முதலில் வெளியே வரும், பசித்த பறவைகள் முதலில் இறங்குவதும் அங்கேதான்.

நாள் குறிக்க உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியே போதும். அதில் திதி இருக்கிறதல்லவா? கொங்கணக் கரையில் பழகிவந்த கணக்கு இது: திதி எண்ணை முக்காலால் பெருக்கினால் ஏற்றம் முழுமையாகும் மணி ஏறக்குறையக் கிடைக்கும். சதுர்த்தி என்றால் நான்கு முக்கால் மூன்று. பகல் 3 மணிக்கும் பின்னிரவு 3 மணிக்கும் ஏற்றம். அஷ்டமியில் 6 மணி. துவாதசியில் 9 மணி. அமாவாசை, பௌர்ணமியில் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி. வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் ஒரே கணக்கு.

இந்தக் கணக்கு நாள் தேர்ந்தெடுக்க மட்டும். கிளம்புவதற்கு முன் மும்பைத் துறைமுகத்துக்கான அட்டவணையில் சரியான நேரத்தைப் பாருங்கள். மொபைலில் இலவசச் செயலிகள் நிறைய உண்டு; இடப்பெயரில் அப்போலோ பந்தர் அல்லது மும்பை என்று இருக்க வேண்டும். கிரீக்கின் உள்பகுதியில், பாண்டுப், ஐரோலி பக்கம், அட்டவணை நேரத்தைவிட அரை மணி நேரமாவது பிந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தோடு உயரத்தையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியிலும் அடுத்த இரண்டு மூன்று நாட்களிலும் ஏற்றம் 4 மீட்டரைத் தாண்டும், சில நாட்களில் நாலரையையும் தொடும்; வற்றமும் அதேபோல ஆழமாகப் போகும். அஷ்டமி, நவமி பக்கம் இரண்டும் மந்தம். நீர் அதிகம் ஏறவும் ஏறாது, வற்றவும் வற்றாது. மந்த நாளில் பறவைகள் இடம் மாறும் காட்சியே இருக்காது. முதல் பயணத்தை அஷ்டமியில் வைக்க வேண்டாம். அதற்கு வேறு காரணம் சொல்லிப் பெரியவர்கள் தடுத்தால் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்

கிரீக்கின் மேற்குக் கரையில் சிவ்ரியும் பாண்டுப்பும் இருக்கின்றன. அங்கே நின்றால் கிழக்கே பார்ப்பீர்கள். காலையில் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும், ஏப்ரலின் நிறங்கள் ஒன்றுகூடப் புலப்படாது. ஆகவே மேற்குக் கரைக்கு மாலை. ஐரோலியும் நெருல் பக்கத்து நீர்நிலைகளும் கிழக்குக் கரையில், மேற்கே பார்த்தபடி. அங்கே காலை.

நீரையும் வெயிலையும் சேர்த்தால் நாள் தானாகவே வந்து நிற்கும்:

சிவ்ரிக்குத் திருதியை, சதுர்த்தி. பகல் இரண்டேகாலிலிருந்து மூன்றுக்குள் நீர் நிறையும், நான்கு மணிக்குக் கரைச் சேறு வெளியே வரத் தொடங்கும், சூரியன் உங்கள் பின்னால் சாய்ந்திருக்கும். ஏப்ரலில் சூரியன் மறைய ஏழு மணி ஆகிவிடும் என்பதால் இரண்டரை மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

ஐரோலிப் படகுக்கு ஏகாதசி முதல் திரயோதசிவரை. காலை எட்டேகாலிலிருந்து பத்துக்குள் ஏற்றம்.

நெருலுக்குத் திரயோதசி, சதுர்த்தசி. கிரீக் நிறைந்து பறவைகள் குளங்களுக்குள் ஒதுங்கினால்தான் அங்கே காட்சி. அதற்கு ஏற்றம் பலமாக இருக்க வேண்டும். தசமியின் மந்த நீரில் போனால் குளம் வெறிச்சோடிக் கிடக்கும்.

மாதத்தில் இப்படி இரண்டு வாய்ப்புகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நாட்கள். அவற்றில் ஒன்று சனி, ஞாயிறில் விழுந்தால் நல்லது. விழாவிட்டால் அரைநாள் விடுப்பு எடுப்பது, தப்பான நீரில் இரண்டு ஞாயிறு போய் வருவதைவிட மேல்.

4. போய்ச் சேரும் வழி

சிவ்ரி: ஹார்பர் லைனில் இருக்கிறது. ஆன்டாப் ஹில், கோலிவாடா பக்கத்து நம்மவர்களுக்கு மிக அருகில். ஜிடிபி நகரில் ஏறினால் வடாலா, அடுத்தது சிவ்ரி. தாராவி, சயான்காரர்கள் ஜிடிபி நகருக்கு வந்து ஏறலாம். செம்பூரிலிருந்து நேர் வண்டி. மராத்திப் பலகையிலும் அறிவிப்பிலும் "சிவடி" என்று வரும், குழம்ப வேண்டாம். கிழக்குப் பக்கம் இறங்கிப் படகுத்துறையான ஜெட்டிவரை நடந்தால் இருபது நிமிடம். சயானுக்குத் தெற்கே ஆட்டோ ஓடாது என்பதைப் புறநகரிலிருந்து வருகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். நடக்க முடியாவிட்டால் டாக்ஸிதான். வழியெல்லாம் துறைமுகச் சாலை, லாரிகள் நெருக்கமாகப் போகும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கடையோ கழிப்பறையோ ஜெட்டியில் எதிர்பார்க்க வேண்டாம், ஸ்டேஷனிலேயே முடித்துக்கொண்டு போங்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

அடல் சேது என்ற கடல்பாலம் சிவ்ரியிலிருந்துதான் தொடங்குகிறது. காரில் அதன்மேல் போய் நிறுத்திப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாலத்தில் நிறுத்தினால் அபராதம், பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதியே இல்லை.

ஐரோலி: தாணேயிலிருந்து வாஷி, நெருல் போகும் டிரான்ஸ் ஹார்பர் லைனில் ஐரோலி ஸ்டேஷன். அங்கிருந்து ஆட்டோ. "ஃபிளமிங்கோ சென்டர்" என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். முலுண்டில் இருப்பவர்கள் ஐரோலிப் பாலம் வழியாகச் சாலையிலேயே சீக்கிரம் வந்துவிடலாம்.

நெருல்: சீவுட்ஸ் தாராவே ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவில் என்ஆர்ஐ காம்ப்ளெக்ஸ் அல்லது டி.எஸ். சாணக்யா என்று கேளுங்கள். கட்டணம் இல்லாமல் பறவை பார்க்க இதுதான் நல்ல இடம். நீருக்கும் உங்களுக்கும் நடுவே தூரம் குறைவு என்பதால் பைனாகுலர் இல்லாதவர்கள்கூட மகிழ்ந்து திரும்பலாம்.

பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன்: கிழக்கு விரைவு நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் சாலை. பாண்டுப் அல்லது காஞ்சூர்மார்க் ஸ்டேஷனின் கிழக்குப் பக்கத்திலிருந்து ஆட்டோ. சாலையின் இருபுறமும் குட்டைகள், சதுப்பு, அதற்கப்பால் அலையாத்தி. நீர் நேரம் ஒத்துவராத நாளில் போக ஏற்ற இடம் இதுதான். குட்டைகளுக்குக் கடலின் அவசரம் கிடையாது. நெடுங்கால் உள்ளான், பொரி உள்ளான், சேற்றுப் பூனைப்பருந்து, அன்றில் எல்லாம் காலையில் நிதானமாகக் கிடைக்கும். திரும்பும்போது ஆட்டோ கிடைக்காது என்பதால் வந்த ஆட்டோக்காரரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெருநாய்கள் கூட்டமாக இருக்கும். தனியாகப் போக வேண்டாம்.

பராமரிப்பு வேலைக்காக ரயில்களை நிறுத்தும் ஞாயிறு மெகா பிளாக்கை யாரும் மறக்கக் கூடாது. ஹார்பர் லைனில் பெரும்பாலும் பகல் பதினொன்றையொட்டித் தொடங்கி மாலை நான்குவரை வண்டிகள் நிற்கும். சிவ்ரிக்கு நீங்கள் போக வேண்டிய நேரத்தையே அது விழுங்கிவிடும். சனிக்கிழமை மாலையே அந்த வார அறிவிப்பைப் பாருங்கள்.

5. படகுப் பயணம்

ஐரோலியில் வனத்துறையின் அலையாத்திப் பிரிவு நடத்தும் கடல்சார் பல்லுயிர் மையத்திலிருந்து படகு போகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம். அலையாத்தி ஓரமாகப் போய் சேற்றுத்திட்டுகளுக்கு அருகே நிறுத்துவார்கள். பூநாரையை இதைவிட அருகில் பார்க்க வழியில்லை.

படகு நீரைப் பொறுத்து ஓடும், கடிகாரத்தைப் பொறுத்தல்ல. வற்றத்தில் ஜெட்டி முன்னால் சேறுதான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் புறப்பாட்டு நேரம் மாறும். சென்ற வாரம் நண்பர் போன நேரத்தை வைத்து நீங்கள் போய் நிற்காதீர்கள். முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். சனி, ஞாயிறு இடங்கள் சீக்கிரம் நிறைந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே நாள்காட்டியைப் பார்த்துத் திதி குறித்துப் பதிவு செய்யுங்கள்.

கட்டணம் வாரநாளுக்கு ஒன்று, விடுமுறை நாளுக்கு ஒன்று. படகின் அளவைப் பொறுத்தும் மாறும். பதிவு செய்யும்போதே நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மையத்தின் நுழைவுக் கட்டணம் தனியா, பெரிய கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா, குழந்தைக்கு எந்த வயதிலிருந்து சீட்டு, நீர் குறைவால் ரத்தானால் பணம் திரும்புமா அல்லது வேறு நாள் தருவார்களா. கடைசிக் கேள்வியைக் கேட்காதவர்கள்தான் ஜெட்டியில் நின்று வாதாடுகிறார்கள்.

ஒரே நாளில் இரண்டு நேரம் காலியாக இருந்தால், ஏற்றம் முழுமையாகும் நேரத்துக்குப் பிந்தையதை எடுங்கள். முந்தைய படகில் நீர்தான் தெரியும். பிந்தையதில் சேறு தலைகாட்டத் தொடங்கியிருக்கும், பறவைகளும் திரும்பியிருக்கும். இடது, வலது என்று இடம் பிடிக்க முண்ட வேண்டியதில்லை, திரும்பும்போது மறுபக்கம் காட்சி வரும்.

ஜெட்டிக்கு வெளியே, "குறைந்த காசில் கூட்டிப்போகிறேன்" என்று மீன்பிடிப் படகைக் காட்டி அழைப்பவர்களிடம் போகாதீர்கள். உயிர்காப்புச் சட்டை இருக்காது, சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைந்த குற்றமும் உங்கள் தலையில் விழும். மழைக்காலம் தொடங்குமுன் படகு நிறுத்தப்படும். மே கடைசி வாரத்தை நம்பிப் பதிவு செய்வதைவிட மே நடுவுக்குள் முடித்துக்கொள்வது பத்திரம்.

6. கையில் இருக்க வேண்டிய ஆவணங்களும் பணமும்

ஆளுக்கொரு அடையாள அட்டை, ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ. மொபைலில் இருப்பது போதும் என்று விடாமல் ஒரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகப் பகுதியிலும் பம்பிங் ஸ்டேஷன் வாசலிலும் காவலர் கேட்பது உண்டு. படகுக்குப் பதிவுச் சீட்டின் படம், பணம் கட்டிய குறுஞ்செய்தி. நுழைவுச் சீட்டுக்கும் ஆட்டோவுக்கும் சில்லறையாக 200 ரூபாய்.

காவலர் உள்ளே விட மறுத்தால் வாதாட வேண்டாம். விதிகள் அடிக்கடி மாறும் இடங்கள் இவை. அதற்காகவே மாற்று இடம் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். சிவ்ரி மூடியிருந்தால் அங்கிருந்து ஹார்பர் லைனிலேயே சீவுட்ஸ் போய்விடலாம், வெயில் எதிரே இருந்தாலும் பறவையாவது இருக்கும்.

படம் எடுப்பதில் ஒரு கண்டிப்பு: டிராம்பேயின் அணுசக்தி வளாகம், துறைமுகக் கப்பல்கள், எண்ணெய்த் தொட்டிகள் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். டிரோன் கொண்டுவரவே வேண்டாம். சட்டப்படியும் தப்பு, பறவைக்கும் கேடு.

செலவு பெரிதல்ல. லோக்கல் ரயில் இரண்டாம் வகுப்பில் போக வர சில பத்து ரூபாய்தான். மும்பையில் ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 2025 பிப்ரவரி முதல் 26 ரூபாய், டாக்ஸிக்கு 31. படகைத் தவிர்த்தால் ஒரு குடும்பம் ஒரு சினிமாச் செலவுக்கும் குறைவாகப் போய் வரலாம். உண்மையான செலவு அடுத்ததில் இருக்கிறது.

7. பைனாகுலர்

8x42 வாங்குங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, நாற்பத்திரண்டு என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். நல்ல தொடக்கநிலைக் கருவி 7,000 முதல் 15,000 ரூபாய்க்குள் கிடைக்கும், எடை 600, 700 கிராம் இருக்கும்.

சந்தையில் 1,500 ரூபாய்க்கு 50 மடங்கு, 100 மடங்கு என்று விற்பதைத் தொடாதீர்கள். மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் அதே மடங்கு கூடும், படம் இருளும். அதைவிட முக்கியம், சித்திரை வெயிலில் சேற்றின்மேல் கானல் ஓடும். கானலைப் பெரிதாக்கினால் பெரிய கானல்தான் தெரியும். பத்து மணிக்கு மேல் மூன்று மணிக்குள் எந்த விலைக் கருவியும் கானலை வெல்லாது. இது மாலை நேரத்தைச் சொல்வதற்கு இன்னொரு காரணம். ஜூம் வசதியுள்ள பைனாகுலரும் வேண்டாம்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணுக்கும் கருவிக்குமான இடைவெளி 15 மில்லிமீட்டருக்குக் குறையாததாகப் பார்த்து வாங்கவும். இல்லாவிட்டால் வட்டத்தின் நடுப்பகுதி மட்டும் தெரியும். வாங்கியதும் செய்ய வேண்டியது: வலக்கண் பக்கத்தை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்கு ஒரு பெயர்ப்பலகையைத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, வலக்கண் குழாயில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு அரைமணியில் தலைவலி வரும், பழியைக் கருவிமேல் போடுவார்கள்.

உடனே வாங்க மனமில்லையென்றால் முதல்முறை ஒரு குழு நடையில் சேருங்கள். பிஎன்எச்எஸ் (பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம்) போன்ற அமைப்புகள் பருவத்தில் நடத்தும் நடைகளில் வழிகாட்டி தொலைநோக்கி நிறுத்தி எல்லோருக்கும் காட்டுவார்.

8. போகுமுன் பழக வேண்டிய பறவைகள்

நூறு பறவைகளைப் படிக்காதீர்கள். கால், அலகு, உயரம் மூன்றையும் பார்க்கப் பழகினால் போதும்.

முதலில் பூநாரை. இரண்டு வகை. கிரீக்கில் பெரும்பான்மை சிறு பூநாரை, 80 முதல் 90 சென்டிமீட்டர், நல்ல ரோஸ், அலகு முழுக்க அடர்சிவப்பு. தூரத்தில் கறுப்பாகவே தெரியும். பெரும் பூநாரை 110 சென்டிமீட்டருக்கு மேல், உடல் வெளுப்பு, அலகு வெளிர் ரோஸ், நுனி மட்டும் கறுப்பு. ஆகவே நிறத்தைப் பார்க்காமல் அலகைப் பாருங்கள். சாம்பலும் பழுப்புமாக அழுக்கேறினாற்போல் நிற்பவை இளம் பறவைகள்.

கால் சிவப்பு, நடுத்தர உடல், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளை: பவளக்காலி. முதலில் கத்தி எல்லோரையும் எழுப்பிவிடுவது இதுதான். கால் மிக நீளம், ரோஸ், உடல் கறுப்பு வெள்ளை: நெடுங்கால் உள்ளான். அலகு நேராக மிக நீளம், பறக்கும்போது வாலில் கறுப்பு, இறக்கையில் வெள்ளைப் பட்டை: கருவால் மூக்கன். அலகு கீழ்நோக்கி வளைந்து தலையைப்போல மூன்று மடங்கு நீளம் இருந்தால் பெரிய கோட்டான். அலகு மேல்நோக்கி வளைந்திருந்தால், கறுப்பு வெள்ளைப் பறவை என்றால், கோணமூக்கு உள்ளான்.

சின்னவற்றில் சிட்டுக்குருவி அளவுக்கு, தையல் இயந்திர ஊசிபோல் விடாமல் குத்திக்கொண்டே ஓடுவது கொசு உள்ளான். அதைவிடப் பெரிது, அலகு சற்றே வளைந்தது வளைமூக்கு உள்ளான். ஓடி, நின்று, குத்தி, மறுபடி ஓடுவது உப்புக்கொத்தி வகை. நடையை வைத்தே இவற்றைப் பிரித்துவிடலாம், நிறம் பிறகு.

மேலேயும் பாருங்கள். எல்லாப் பறவையும் ஒரே நேரத்தில் எழும்பினால் பெரும்பாலும் பூனைப்பருந்தோ விரால் அடிப்பானோ வந்திருக்கும்.

9. இடத்தில் நடந்துகொள்ளும் முறை

சேற்றில் இறங்காதீர்கள். ஒரு அடிகூட. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கால் வைத்தால் முழங்காலைத் தாண்டி இறங்கும், அலையாத்தியின் மூச்சுவேர்கள் பாதத்தைக் கிழிக்கும், நீர் ஏறத் தொடங்கியபின் வெளியே வர நேரம் இருக்காது. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். மங்கிய பச்சை, பழுப்பு உடை. வெள்ளைச் சட்டை தூரத்திலிருந்தே பறவைக்குத் தெரியும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஓஆர்எஸ் பொட்டலம், கொசுவுக்கு ஏதாவது. மோர்சாதம் கட்டிக்கொண்டு போவதானால் குப்பையையும் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பறவையை எழுப்பிப் படம் எடுக்காதீர்கள். படகோட்டியிடம் கூடுதல் காசு கொடுத்து, "கொஞ்சம் பக்கத்தில் விடுங்கள், பறக்கட்டும்" என்று கேட்கிறவர்கள் உண்டு. இதை நாங்கள் கடுமையாகவே சொல்கிறோம். ஏப்ரலில் ஒரு வளைமூக்கு உள்ளான் சைபீரியத் துந்திரப் பகுதிவரை பறப்பதற்கான கொழுப்பை உடலில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. சேறு திறந்திருக்கும் சில மணி நேரம்தான் அதற்குச் சாப்பாட்டு நேரம். நீங்கள் ஒருமுறை எழுப்பினால் அந்தக் கொழுப்பில் கொஞ்சம் வீண், உண்ணும் நேரமும் வீண். தலையை நிமிர்த்தி உங்களையே பார்க்கத் தொடங்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். நின்று, இரண்டடி பின்வாங்குங்கள். அசையாமல் உட்கார்ந்தால் வற்றும் நீரோடு பறவைகளே உங்களை நோக்கி வரும். அதற்கு இருபது நிமிடப் பொறுமை வேண்டும்.

காயம்பட்ட பறவையைக் கண்டால் கையால் தூக்காதீர்கள், தண்ணீர் ஊட்டாதீர்கள். மகாராஷ்டிர வனத்துறையின் 1926 என்ற உதவி எண்ணை அழைத்து இடத்தைச் சொல்லுங்கள்.

10. வீட்டுக்கு வந்ததும்

பார்த்ததை அன்றே, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்டில் (eBird) ஏற்றிவிடுங்கள். செயலி இலவசம். தொடங்கிய நேரம், நின்ற நேரம், நடந்த தூரம், பறவை, எண்ணிக்கை. பூநாரைக் கூட்டத்தை எண்ணப் பத்துப் பறவை எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அகலத்தால் கூட்டத்தை அளந்து பெருக்குங்கள். பெயர் உறுதியில்லாததை உள்ளான் வகை என்று மட்டும் போடலாம். ஊகித்து இனப்பெயர் எழுத வேண்டாம். குறிப்பில் ஏற்ற நேரத்தையும் திதியையும் எழுதி வையுங்கள், அடுத்த வருடம் நாள் குறிக்க அது உதவும்.

ஜூனில் கிரீக் காலியானபின் பைனாகுலரைப் பெட்டியில் பூட்டாதீர்கள், மழை ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, வாரம் ஒருமுறை எடுத்து வெளியே பாருங்கள். மழையை ஒட்டி ஆப்பிரிக்காவிலிருந்து வரும் சுடலைக் குயில் கறுப்பு வெள்ளையாகக் கொண்டையோடு உங்கள் காலனி மரத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.